டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா, ஓபன்பிஎஸ்டியா: வீட்டு சர்வருக்கு எதைப் போடுவது?

"பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கிவிட்டேன். குடும்பப் படங்களை அதில் ஏற்ற வேண்டும், டிவியில் படம் பார்க்க வேண்டும், வெளியூரில் இருந்தாலும் எட்ட வேண்டும். எந்த ஓஎஸ் போடட்டும்?"

கொஞ்சம் முன்பின்னாக இதே கேள்வி சில மாதங்களில் நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. கேட்டவர்கள் யாரும் புதுசு இல்லை. லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுபவர்கள், டெர்மினலைப் பார்த்து மிரளாதவர்கள். ஒருவர் அவர்களிடம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போடச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி என்கிறார். பாதுகாப்பென்றால் அதே வம்சத்து ஓபன்பிஎஸ்டிதான் என்று மூன்றாமவர் வந்து நிற்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

மூன்றையும் வீட்டில் வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், மூன்றிலும் மூக்குடைபட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நிறுவுவது எவ்வளவு எளிது என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். அது ஒரு சாயங்கால வேலை, மூன்றிலுமே. ஒழுங்காக அமைத்த வீட்டு சர்வரை வருடத்துக்கு நாலைந்து முறை தொட்டால் அதிகம். அதனால் ஒவ்வொரு முறை தொடும்போதும், போன முறை என்ன செய்தோம் என்பது மறந்துபோயிருக்கும். ஆபீஸில் சர்வர் பார்ப்பவர் தினமும் தொடுகிறார், கையில் பழக்கம் இருக்கிறது. நமக்கு அது கிடையாது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது, எல்லாம் மறந்துபோன நிலையில் வரப்போகும் சில கெட்ட நாட்களை.

முதலாவது, அப்கிரேட் நாள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், தப்பிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா?

இரண்டாவது, டிஸ்க் சாகும் நாள். அது சாகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா? தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போனால் யாராவது சொல்வார்களா?

மூன்றாவது, கரன்ட் போகும் நாள். நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றோடு இன்னும் மூன்று: நீங்கள் ஓட்ட நினைக்கும் செயலி அதில் ஓடுமா, கையில் இருக்கும் ஹார்டுவேரை அது ஏற்குமா, எல்லாம் மறந்தபிறகு திரும்பப் படிக்க நல்ல ஆவணம் இருக்கிறதா.

## எதைப் போட்டாலும் வரும் செலவு

ஓஎஸ் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கரன்ட் பில். பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போதே சுமார் 60 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம், 60 நாள்: 86 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். அதைவிட மோசம், ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு இதனால் 500ஐத் தாண்டுவது. தாண்டினால் கீழ்ப்படிகளின் வீதமும் சேர்ந்து ஏறும். என்100 சிப் போட்ட மினி பிசி ஏறக்குறைய 10 வாட்டில் நிற்கும், அதாவது இரண்டு மாதத்துக்கு 14, 15 யூனிட். சுழலும் 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் மேலே நாலைந்து வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா கிடைத்த கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தது அல்ல.

வெளியிலிருந்து எட்டுவது. பிராட்பேண்ட் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே ஐபிவி4 முகவரியைப் பலரோடு பங்குபோட்டுக்கொள்கிறீர்கள் என்று பொருள். ரவுட்டரில் எத்தனை போர்ட் (இணைப்பு வாசல்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. ஐபிவி6 (பங்குபோடத் தேவையில்லாத புதிய முகவரி முறை) இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் வயர்கார்ட் என்ற மறையாக்க இணைப்பு வழியாக வாடகை சர்வர் ஒன்றோடு இணைக்க வேண்டும், அல்லது இந்த இணைப்பைத் தானே அமைத்துத் தரும் டெய்ல்ஸ்கேல் போன்ற ஒன்றைப் போட வேண்டும். வயர்கார்ட் லினக்ஸ் கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) 5.6 பதிப்பிலும் (2020 மார்ச்), ஓபன்பிஎஸ்டியில் 6.8லும் (2020 அக்டோபர்), ஃப்ரீபிஎஸ்டியில் 13.2லும் (2023 ஏப்ரல்) உள்ளேயே வந்துவிட்டது. அதனால் இந்த விஷயத்தில் மூன்றுக்கும் வித்தியாசமில்லை.

இன்வெர்ட்டர். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரன்ட் போகும் அந்த இடைவெளியில் விளக்கு லேசாகச் சிமிட்டும், சர்வர் ரீபூட் ஆகிவிடும். ஒரு மாதம் முழுக்க என் சர்வர் தானாக ரீபூட் ஆவதற்கு லாக் கோப்புகளில் காரணம் தேடியிருக்கிறேன். காரணம் அந்தச் சுவிட்ச்.

## டெபியன்

1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்பதை வெறும் கொள்கைப் பேச்சாகப் பார்க்காதீர்கள். 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி, ஒரு நிறுவனத்தின் பிடியில் இருந்த லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களுக்கு 2020 டிசம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது: அடுத்த வருடக் கடைசியோடு முடிந்தது. வீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக வேறிடம் தேடினார்கள். டெபியனில் அப்படி ஒரே மேஜையிலிருந்து வரும் முடிவுக்கு இடமில்லை.

அப்கிரேட் நாள்: ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு. 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். ஒவ்வொன்றுக்கும் 3 வருட முழு ஆதரவு, அதன்பின் 2 வருட நீட்டிப்பு. இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும்படி வைத்துவிடலாம். வருடத்துக்கு நாலு முறை தொடுபவருக்கு இதுதான் மிகப் பெரிய நிம்மதி. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: 11இலிருந்து 13க்கு ஒரே தாவலாகப் போக முடியாது, 12 வழியாகத்தான் போக வேண்டும். சோம்பலாக இருந்தால் அந்த வேலை இரட்டிப்பாகும்.

வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். நான் 13க்குப் போனபோது படிக்கவில்லை. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறக்கூடும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மாறிவிட்டது. கான்ஃபிக் கோப்பில் பழைய பெயர், பெட்டியோ அலமாரிக்கு மேலே, மானிட்டர் கிடையாது. டிவியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, ஸ்டூல் மேல் நின்றபடி கீபோர்டில் தட்டினேன். தவறு முழுக்க என்னுடையது. ஆனால் திரும்பிப் போக ஒரு பொத்தான் இருந்திருந்தால் ஸ்டூல் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பொத்தான் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த பகுதியில்.

செயலிகள்: இங்கே போட்டியே இல்லை. டெபியன் 13இல் கிட்டத்தட்ட 70,000 பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள்கள்). அதைவிட முக்கியம் டாக்கர், செயலியை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே கட்டாக ஓட்டும் கருவி. குடும்பப் படங்களுக்கு இப்போது எல்லோரும் விரும்பும் இம்மிச், டாக்கர் கம்போஸ் கோப்பாகத்தான் (எதை எப்படி ஓட்ட வேண்டும் என்ற பட்டியல்) வருகிறது. வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்றவையும் லினக்ஸை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. டிவிக்குப் படம் அனுப்பும் ஜெல்லிஃபினில் வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றுவதற்கு இன்டெல் சிப்புக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வசதியைப் பயன்படுத்துவதும் இங்கே எளிது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது டாக்கரும் ஃபயர்வாலும். யுஎஃப்டபிள்யு என்ற ஃபயர்வால் கருவியைப் போட்டு எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். டாக்கர் தன் போர்ட்டுகளைத் திறக்கும்போது விதிகளைத் தானே நேரடியாக எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யு அதைப் பார்ப்பதே இல்லை. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும்வரை இது தெரியாது. ஐபிவி6 வந்த அன்றைக்கோ, நிலையான முகவரி வாங்கிய அன்றைக்கோ டேட்டாபேஸ் போர்ட் ஊருக்கே திறந்திருக்கலாம். கம்போஸ் கோப்பில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் என்று பொருள்படும் முகவரி) சேர்ப்பது பழக்கமாக வேண்டும்.

இரண்டாவது இசட்எஃப்எஸ், தரவு கெடாமல் காக்கும் கோப்பு முறைமை. உரிம முரண்பாட்டால் அது லினக்ஸ் கெர்னலுக்குள் வரவே இல்லை. டெபியனில் தனிப் பொதியாகப் போட்டால், ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே அது மறுபடி கம்பைல் ஆகும். நிலையான பதிப்பின் கெர்னலோடு இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. புதிய கெர்னலை ஆசைப்பட்டு இழுத்து வந்தால் ஒருநாள் பூல் (இசட்எஃப்எஸ்ஸிடம் கொடுத்த டிஸ்குகளின் தொகுப்பு) மவுன்ட் ஆகாமல் நிற்கும். நான் செய்வது: ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியில் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4, தரவு டிஸ்குகள் மட்டும் இசட்எஃப்எஸ்.

மூன்றாவது, டெபியன் தரும் மென்பொருள்கள் பழைய பதிப்புகளாக இருக்கும். சர்வருக்கு இது குறையே அல்ல என்பது என் கட்சி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல் நூலகத்துக்குள் ஒளித்துவைத்த பின்கதவை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதை விடாமல் துருவிப் பார்த்து. அந்தக் கெட்டுப்போன பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்புக்கு வரவில்லை, அது பழையதாக இருந்ததால்.

## ஃப்ரீபிஎஸ்டி

லினக்ஸிலிருந்து வருபவருக்கு முதலில் உறைப்பது ஒழுங்கு. கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவால், ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. நீங்கள் மேலே போடும் பொதிகள் எல்லாம் ஒரு தனி அடைவுக்குள் போய்விடும். எது வீட்டோடு வந்தது, எது நாம் வாங்கிப் போட்டது என்று மூன்று வருடம் கழித்துப் பார்த்தாலும் தெரியும். மறதிக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். கூடவே ஹேண்ட்புக் என்ற அவர்களின் கையேடு. பத்து வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு பதிலைத் தேடி எடுத்து, அது இந்தப் பதிப்புக்குப் பொருந்துமா என்று சந்தேகத்தோடு தட்ட வேண்டியதில்லை. அத்தியாயத்தைத் திறந்து படித்துச் செய்யலாம்.

அப்கிரேட் நாள்: அந்தப் பொத்தான் இங்கேதான் இருக்கிறது. இசட்எஃப்எஸ் மேல் நிறுவியிருந்தால் பூட் என்விரான்மென்ட் என்ற வசதி கிடைக்கும். அப்டேட் செய்யுமுன் ஓஎஸ் முழுவதும் அப்போதிருந்த நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட்டாக (அந்த நொடியில் உறைந்த நகல்) நின்றுவிடும். கெட்டுப்போனால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும், நேற்றைய சர்வர் திரும்பிவிடும். ஒருமுறை எனக்கு அப்கிரேடுக்குப் பிறகு வீடியோ டிரைவர் ஒத்துவராமல் போனது. திரும்பி வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வாரம் முழுக்கப் பழையதிலேயே ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சரிசெய்தேன்.

ஆனால் அப்கிரேட் நாள் அடிக்கடி வரும். 14 கிளைக்கு 2023 நவம்பரிலிருந்து ஐந்து வருட ஆதரவு என்று படித்துவிட்டு அசந்துவிடக்கூடாது. 14.1, 14.2 என்று வரும் ஒவ்வொரு சிறு பதிப்புக்கும் அடுத்தது வந்து மூன்று மாதம்வரைதான் ஆயுள். 2025 டிசம்பரில் வந்த 15இலிருந்து கிளையின் ஆயுளும் நாலு வருடமாகக் குறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை உட்கார்ந்தே ஆக வேண்டும்.

டிஸ்க் சாகும் நாள்: ஃப்ரீபிஎஸ்டியைப் பேசுபவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கே வந்து நிற்பார்கள், நானும்தான். இசட்எஃப்எஸ் இதில் 2008இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நிறுவும்போதே டிஸ்குகளைத் தேர்ந்தெடுத்து மிரர் (இரண்டிலும் ஒரே தரவு) என்று சொன்னால் முடிந்தது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்து, படிக்கும்போது ஒத்துப்பார்க்கும். ஒரு டிஸ்கில் கெட்டிருந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட்டினால் யாரும் திறந்தே பார்க்காத பழைய கல்யாணப் படங்களைக்கூட ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும்.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு கேபிளால். ஒரு ஸ்க்ரப்பில் ஒரு டிஸ்குக்கு நேரே செக்சம் பிழை 3 என்று வந்தது. அடுத்த மாதம் 40. டிஸ்க் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாற்றினேன். அதிலும் பிழை. கடைசியில் சாட்டா கேபிளை மாற்றியதும் எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது. இஎக்ஸ்டி4 மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேபிள் இன்னும் எத்தனை படங்களைத் தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியவே வந்திருக்காது.

அதற்காக இசட்எஃப்எஸ்ஸைச் சாமியாக்க வேண்டாம். 2023 நவம்பரில் 2.2.0 பதிப்பில் கோப்புகள் நகலெடுக்கும்போது சில இடங்களில் பூஜ்யங்களாக மாறும் ஒரு பிழை வெளிவந்தது. ஆராய்ந்ததில் பழைய பதிப்புகளிலும் அது அபூர்வமாக நடக்கக்கூடியது என்று தெரிந்தது. சீக்கிரமே திருத்தினார்கள். ஆனாலும் மிரர் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். இன்னொரு விஷயம்: இந்தத் தரவுக் காவல் ஃப்ரீபிஎஸ்டிக்கு மட்டும் சொந்தமில்லை. 2020இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் லினக்ஸுக்கும் இதற்கும் மூலநிரல் ஒன்றுதான். வித்தியாசம், இங்கே அது வீட்டுப்பிள்ளை, அங்கே விருந்தாளி.

மறைந்திருக்கும் செலவு: டாக்கர் இல்லை. 2000இல் வந்த 4.0 பதிப்பிலேயே செயலியைத் தனி அறையில் அடைத்து ஓட்டும் ஜெயில் என்ற அருமையான வசதியை வைத்திருந்தார்கள், டாக்கர் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு. கோப்புப் பகிர்வுக்கான நெக்ஸ்ட்கிளவுட்டை ஒரு ஜெயிலில், ஜெல்லிஃபினை ஒரு ஜெயிலில் போட்டால் பிரமாதமாக ஓடும். ஆனால் ஒவ்வொரு ஜெயிலும் ஒரு குட்டி சர்வர். ஆறு ஜெயில் இருந்தால் அப்டேட் நாளில் ஏழு சர்வரைப் பார்க்கிறீர்கள். இம்மிச் போன்றவைக்கு வழி, பிஹைவ் என்ற கருவி மூலம் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்) உருவாக்கி அதற்குள் டெபியன் போடுவது. நானும் போட்டேன். "அப்படின்னா நேரா டெபியனே போட்டிருக்கலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

ஹார்டுவேரும் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். மலிவான மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் 2.5 ஜிகாபிட் கார்டுக்கு 14 கிளையில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். நெட் இல்லாமல் நெட் டிரைவரை எப்படி இறக்குவது என்ற பழைய விடுகதை. இன்டெல் கார்டு உள்ள மினி பிசி வாங்கினால் தலைவலி இல்லை.

## ஓபன்பிஎஸ்டி

தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து 1995 அக்டோபரில் தொடங்கியது. இதை நீங்கள் போடாவிட்டாலும் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள், ஓபன்எஸ்எஸ்எச் இவர்கள் செய்தது. 2024 ஜூலையில் அதிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளியானது. பாதிக்கப்பட்டவை ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் உள்ள லினக்ஸ் கணினிகள். ஓபன்பிஎஸ்டியில் சிக்கலில்லை, ஏனென்றால் அந்த இடத்தை அவர்கள் 2001லேயே வேறு மாதிரி எழுதிவிட்டிருந்தார்கள். பாதுகாப்பு பற்றி இவர்கள் பேசும் பேச்சுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலை இருக்கிறது.

அப்கிரேட் நாள்: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, கடைசி இரண்டுக்கு மட்டுமே ஆதரவு. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் சிஸ்அப்கிரேட் என்று ஒரே கட்டளை. இறக்கி, ரீபூட் செய்து, தானே மாற்றிக்கொண்டு எழுந்து நிற்கும். மூன்றிலும் அலுங்காத அப்கிரேட் இதுதான். திரும்பிப் போக வழி கிடையாது, ஆனால் எனக்கு ஒருமுறையும் தேவைப்படவில்லை. கையேட்டுப் பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெட்டே இல்லாமல், கையேட்டை மட்டும் வைத்து பிஎஃப் ஃபயர்வாலை முழுதாக அமைக்க முடியும். ரவுட்டருக்கு அதுதானே வேண்டும்.

கரன்ட் போகும் நாள்: இங்கேதான் சறுக்கல். இதன் கோப்பு முறைமையில் ஜர்னல் (எழுதுமுன் குறித்துவைக்கும் பதிவேடு) இல்லை. கரன்ட் சட்டென்று போய் வந்தால் டிஸ்க் முழுக்கச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும். சில சமயம் "நீயே வந்து சரிபார்" என்று பாதியில் நின்றுவிடும். சின்ன எஸ்எஸ்டியில் இது சில நொடி. 4 டெராபைட் டிஸ்கில் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இசட்எஃப்எஸ்ஸும் இல்லை, அதனால் செக்சமும் ஸ்னாப்ஷாட்டும் இல்லை. டாக்கர் இல்லை. லினக்ஸ் நிரல்களை ஓட்டும் பழைய வசதியையும் 2016இலேயே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே படங்களை இதில் வைக்காதீர்கள். ரவுட்டராக வையுங்கள், அதுவும் இன்னொரு பெட்டியும் மினி யுபிஎஸ்ஸும் இருந்தால். ரவுட்டர் என்றால் இன்னொரு கணக்கு உண்டு: படங்கள் இருக்கும் சர்வர் ஒருநாள் படுத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், ரவுட்டர் பத்து நிமிடம் படுத்தால் வீடே கூடிவிடும். ஊரில் இருந்துகொண்டு எஸ்எஸ்எச் வழியாக பிஎஃப் விதி ஒன்றை மாற்றி, என்னையே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டேன் ஒருமுறை. பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை இருந்த நாள். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

## ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட்

டெர்மினலே வேண்டாம், பிரவுசரில் சொடுக்கி முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு. 2005இல் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஃப்ரீநாஸ் என்று பிறந்தது ட்ரூநாஸ். இப்போது முதன்மைக் கிளை டெபியன் மேல் நிற்கிறது, பழைய ஃப்ரீபிஎஸ்டி கிளை பராமரிப்போடு சரி. இசட்எஃப்எஸ்ஸை இவ்வளவு எளிதாகக் கையில் தருவது வேறில்லை. விலை என்னவென்றால், அவர்கள் திசை திரும்பும்போது நீங்களும் திரும்ப வேண்டும். செயலிகளை முதலில் குபர்னெட்டிஸ் என்ற வேறொரு அமைப்பில் ஓட்டினார்கள், 2024 அக்டோபரில் வந்த பதிப்பில் டாக்கருக்கு மாறினார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓபன்மீடியாவால்ட் டெபியன் மேலேயே ஒரு வலைமுகப்பு. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னப் பெட்டிக்கு அதுதான் பொருத்தம்.

அப்டேட்கள் வந்துகொண்டே இருக்கும் ஆர்ச் லினக்ஸ் போடலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தினமும் தொட்டுக்கொண்டே இருக்க ஆசையென்றால் தாராளமாக.

## ஒரே பார்வையில்

| | டெபியன் | ஃப்ரீபிஎஸ்டி | ஓபன்பிஎஸ்டி | ட்ரூநாஸ் |
|---|---|---|---|---|
| பதிப்பு அப்கிரேட் | 2 வருடத்துக்கு ஒருமுறை | வருடத்துக்கு 1, 2 முறை | 6 மாதத்துக்கு ஒருமுறை | அவர்கள் சொல்லும்போது |
| தப்பாகப் போனால் திரும்ப | எளிய வழி இல்லை | பூட் மெனுவிலேயே | இல்லை | பூட் மெனுவிலேயே |
| தரவுக் காவல் | இசட்எஃப்எஸ், தனிப் பொதியாக | இசட்எஃப்எஸ், உள்ளேயே | இல்லை | இசட்எஃப்எஸ், உள்ளேயே |
| திடீர் மின்தடை | தாங்கும் | தாங்கும் | டிஸ்க் சரிபார்ப்பு, சிலசமயம் கையால் | தாங்கும் |
| டாக்கர் செயலிகள் | எல்லாம் | விர்ச்சுவல் மெஷினுக்குள் | இல்லை | பெரும்பாலும் |
| ஹார்டுவேர் | ஏறக்குறைய எதுவும் | பார்த்து வாங்க வேண்டும் | பார்த்து வாங்க வேண்டும் | ஏறக்குறைய எதுவும் |
| ஆவணம் | பரவலாக, சிதறலாக | ஹேண்ட்புக் | கையேட்டுப் பக்கங்கள் | போதுமானது |

## யாருக்கு எது

ஒரே பெட்டி, இம்மிச் வேண்டும், வீட்டில் எல்லோரும் பயன்படுத்தப்போகிறார்கள்: டெபியன். யோசிக்கவே வேண்டாம். படங்கள் இருக்கும் டிஸ்குகளுக்கு மட்டும் இசட்எஃப்எஸ் மிரர்.

கோப்புகள், பேக்கப், ஜெல்லிஃபின், நெக்ஸ்ட்கிளவுட், இதற்குமேல் ஆசையில்லை: ஃப்ரீபிஎஸ்டி. என் வீட்டில் தரவு இருப்பது இதில்தான், செயலிகள் இன்னொரு மினி பிசியில் டெபியன் மேல். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 30 வாட் சொச்சம்.

யூனிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று கற்க வேண்டும், தரவு எதுவும் பணயத்தில் இல்லை: ஓபன்பிஎஸ்டி. பழைய லேப்டாப் ஒன்று போதும். அதன் பேட்டரியே யுபிஎஸ்.

படங்கள் முக்கியம், ஆனால் இந்தக் கட்டுரையைப் பாதியிலேயே நிறுத்தலாமா என்று தோன்றியது: ட்ரூநாஸ்.

## அந்த இரண்டு 4 டெராபைட் டிஸ்குகள்

கேட்டவருக்கு நான் எழுதிய பதிலையும் சொல்லிவிடுகிறேன். டெபியன் 13, சின்ன எஸ்எஸ்டி ஒன்றில். இரண்டு டிஸ்கும் இசட்எஃப்எஸ் மிரர். வாங்கிய டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி எழுதும் வகை) என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அந்த வகையில் செத்த டிஸ்கை மாற்றித் திரும்ப நிரப்பும் வேலை சில மணி நேரத்துக்குப் பதில் நாட்கணக்கில் இழுக்கும். மிரர் பேக்கப் ஆகாது என்பதால், வெளி டிஸ்க் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை ஸ்னாப்ஷாட்டை அனுப்பி, அதை வேறு வீட்டில் வைக்கச் சொன்னேன். அவருக்கு அக்கா வீடு பக்கத்திலேயே இருக்கிறது.

படங்களை ஏற்றுமுன் ஒருநாள் ஒத்திகை பார்க்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து கோப்புகளைப் போட்டு, பெட்டியை அணைத்து, ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். திரும்ப மாட்டிச் சரிசெய்யுங்கள். என்ன தட்டினீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள், அந்த சர்வருக்குள் சேமித்துவைக்காதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பெரிதாக எழுதி வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. மிரரில் ஒரு டிஸ்க் செத்த அன்று, உயிரோடிருந்ததைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.